வானத்துச் சிலுவையும் கருவூலக் கடிதமும்

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தின் ஆயராக இருந்த செசிலியனுக்கு 313-ஆம் ஆண்டு வாக்கில் உரோமைப் பேரரசர் கான்ஸ்டன்டைனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆப்பிரிக்காவின் கருவூல அதிகாரியான ஊர்சஸுக்கு ஆணை அனுப்பியிருப்பதாகவும், அவர் 3,000 ஃபோலிஸ் பணத்தை எண்ணிக் கொடுப்பார் என்றும், ஆயர் ஹோசியஸ் அனுப்பிவைத்த பட்டியலின்படி அதைக் குருமார்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றும், போதாவிட்டால் அரச நிலங்களை மேற்பார்க்கும் ஹெராக்ளிடீஸிடம் தயங்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. கடிதம் அதோடு முடியவில்லை. நிலையற்ற மனம் கொண்ட சிலர் மக்களைத் திருச்சபையிலிருந்து திசைதிருப்பப் பார்ப்பதாகக் கேள்விப்பட்டதாகவும், ஆளுநர் அனுலினஸிடமும் பாட்ரிசியஸ் என்ற அதிகாரியிடமும் இதுபற்றி நேரிலேயே சொல்லிவைத்திருப்பதாகவும், அப்படிப்பட்டவர்கள் தொல்லை கொடுத்தால் அவர்களிடம் முறையிடலாம் என்றும் பேரரசர் கடைசியில் சேர்த்திருந்தார்.

கான்ஸ்டன்டைனைப் பற்றி எங்கு பேச்சு எழுந்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கடிதந்தான். மறைக்கல்வி வகுப்பில் எங்களுக்குக் காட்டப்பட்ட கான்ஸ்டன்டைன் வேறு. அவர் குதிரைமேல் அமர்ந்து வானத்தை அண்ணாந்து பார்ப்பார். மேகங்களுக்கு நடுவே சிலுவை ஒளிரும். பிற்காலத்தில் இணையத்தில் அறிமுகமான கான்ஸ்டன்டைன் இன்னும் வேறு. அவர் நைசியா நகரில் ஆயர்களை அடைத்துவைத்து விவிலியத்தையே தொகுத்த சூழ்ச்சிக்காரர். இந்த இரண்டு கதைகளும் ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தோன்றினாலும், ஒரு தனிமனிதரின் ஒரு நாள் முடிவால் ஒரு சமயம் உலகத்தை வென்றது என்று நம்புவதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. அவர் செய்தது அதைவிடச் சாதாரணமானது என்பதும், அதனாலேயே அது நீடித்தது என்பதும் என் கருத்து. நிலம் வைத்துக்கொள்ளவும், உயில்வழிச் சொத்துப் பெறவும், வழக்குத் தீர்க்கவும், அரச வண்டியில் பயணம் செய்யவும் உரிமையுள்ள ஓர் அமைப்பாகத் திருச்சபையை அவர் ஆக்கினார். திருச்சபையும் தன் உட்பூசல்களை அரண்மனை வாசலுக்குக் கொண்டுபோகும் வழக்கத்தைப் பதிலுக்குக் கற்றுக்கொண்டது.

இந்த மாற்றத்தின் அளவை உணர, கடிதத்துக்குப் பத்து ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும். 303-ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று, பேரரசர் டயோக்ளீஷியனின் ஆணைப்படி, நிக்கோமீடியா நகரில் அரண்மனைக்கு எதிரே இருந்த தேவாலயம் தரைமட்டமாக்கப்பட்டது. மறுநாள் ஆணை ஒட்டப்பட்டது: ஆலயங்களை இடிக்க வேண்டும், மறைநூல்களை எரிக்க வேண்டும். கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய அந்த வேதகலாபனையின் ஒரு நாளை நாம் மிக அருகில் நின்று பார்க்க முடிகிறது. அதே ஆண்டு மே 19 அன்று, இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் சிர்த்தா நகரில், நகரப் பொறுப்பாளர் முனாசியஸ் ஃபெலிக்ஸ் எழுத்தர்களோடு கிறிஸ்தவர்கள் கூடும் வீட்டுக்குள் நுழைந்தார். ஆயர் பவுல் அமர்ந்திருக்க, குருமார்கள் சுற்றி நிற்க, பொருள்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன, எழுத்தர் பட்டியலிட்டார். பொன் கிண்ணம் இரண்டு, வெள்ளிக் கிண்ணம் ஆறு, வெள்ளி விளக்கு ஏழு, சங்கிலியோடு கூடிய வெண்கல விளக்கு பதினொன்று. பிறகு பெண்களின் அங்கி 82, ஆண்களின் அங்கி 16, ஆண்களின் காலணி 13 இணை, பெண்களின் காலணி 47 இணை.

ஏழைகளுக்குக் கொடுப்பதற்காகச் சேர்த்துவைத்த துணிமணிகளாகத்தான் அவை இருந்திருக்க வேண்டும். எந்த இறையியல் நூலையும்விட அந்த 47 இணைச் செருப்புகள் அன்றைய திருச்சபையைப் பற்றி எனக்கு அதிகம் சொல்கின்றன. அது ஏற்கெனவே பொருளும் பொறுப்பும் உள்ள சமூகம்; கைம்பெண்களைப் பராமரித்தது, நோயாளிகளைக் கவனித்தது, இறந்தவர்களை அடக்கம் செய்தது. பேரரசின் மக்களில் பத்தில் ஒரு பங்கினர் கிறிஸ்தவர்களாக இருந்திருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. நகரங்களிலும், ஆசியா மைனர், எகிப்து, வட ஆப்பிரிக்கா போன்ற பகுதிகளிலும் அந்தப் பங்கு இன்னும் கூடுதல். ஆகவே ஒன்றுமில்லாத ஒரு கூட்டத்தைக் கான்ஸ்டன்டைன் தூக்கி நிறுத்தினார் என்று சொல்வது பிழை. ஆனால் அந்தச் சமூகத்தின் உடைமை எதுவும் சட்டத்தின் முன் உறுதியாக நிற்கவில்லை. 260-இல் பேரரசர் கல்லியேனஸ் வழிபாட்டு இடங்களைத் திருப்பிக் கொடுத்திருந்தார். நாற்பது ஆண்டுகளில் அதெல்லாம் காற்றில் போயிற்று.

வேதகலாபனையை முதலில் முறைப்படி நிறுத்தியவரும் கான்ஸ்டன்டைன் அல்லர். கிறிஸ்தவர்களைக் கடுமையாக வருத்திய பேரரசர் கலேரியஸ், மரணப்படுக்கையில் கிடந்தபடி, 311 ஏப்ரலில் அவர்களுக்கு மன்னிப்பு அளிக்கும் ஆணையை வெளியிட்டார். அவர்கள் மீண்டும் கிறிஸ்தவர்களாக இருக்கலாம், கூடும் இடங்களைக் கட்டிக்கொள்ளலாம், நம்முடைய நலத்துக்காகவும் நாட்டின் நலத்துக்காகவும் தங்கள் கடவுளிடம் மன்றாட வேண்டும் என்றது அந்த ஆணை. அந்த மனிதர் அடுத்த சில நாள்களில் இறந்துபோனார்.

இனி அந்த வானத்துச் சிலுவை. 312 அக்டோபர் 28 அன்று, உரோமை நகருக்கு வெளியே மில்வியன் பாலத்தருகே, எதிரி மாக்சென்டியஸைக் கான்ஸ்டன்டைன் வென்றார். தோற்றவர் டைபர் ஆற்றில் மூழ்கி இறந்தார். போருக்கு முன் என்ன நடந்தது என்பதற்கு இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்குள் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் லாக்டான்சியஸ், பேரரசர் ஒரு கனவு கண்டு வீரர்களின் கேடயங்களில் தெய்வீகக் குறியை வரையச் செய்தார் என்கிறார். வானத்தில் சிலுவை எதையும் அவர் குறிப்பிடவில்லை. நண்பகலுக்குப் பிறகு கதிரவனுக்கு மேலே ஒளியாலான சிலுவையும் ‘இதனால் வெற்றி கொள்’ என்ற எழுத்தும் தோன்றின என்ற கதையைப் பேரரசர் இறந்த பிறகே செசரியா நகர ஆயர் யூசிபியஸ் எழுதினார். பேரரசரே சத்தியம் செய்து தம்மிடம் சொன்னதாகக் குறிப்பிடவும் செய்தார். இவற்றுக்கெல்லாம் முன்பாக, 310-இல், இன்றைய பிரான்சை உள்ளடக்கிய கால் நாட்டில் ஒரு புகழுரையாளர் இதே கான்ஸ்டன்டைனுக்கு அப்போலோ தெய்வம் காட்சி கொடுத்ததாகப் பாராட்டியிருந்தார். 315-இல் உரோமையின் ஆட்சி மன்றம் எழுப்பிய வெற்றி வளைவு, பெயர் சொல்லாமல் ‘தெய்வத்தின் தூண்டுதலால்’ வென்றார் என்று பொதுவாக எழுதி ஒதுங்கிக்கொண்டது. கதிரவத் தெய்வம் அவருடைய நாணயங்களில் அதன் பிறகும் பல ஆண்டுகள் நீடித்தது. அவர் மனத்துக்குள் என்ன நிகழ்ந்தது என்று தேடுவதில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. அவர் உண்மையாகவே நம்பினார் என்றுதான் எண்ணுகிறேன். வெறும் கணக்குப் போடுபவர் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தேடிப் போக மாட்டார். ஆனால் ஒரு பேரரசரின் நம்பிக்கை அவரோடு மடியக்கூடியது. அவர் எழுதிய ஆணைகள் அப்படி மடியவில்லை.

அவற்றுள் முதன்மையானது, 313-இன் தொடக்கத்தில் மிலான் நகரில் கான்ஸ்டன்டைனும் இணைப்பேரரசர் லிசினியஸும் எட்டிய உடன்பாடு. மிலான் ஆணை என்று நாம் வழங்குவது, அதே ஆண்டு ஜூனில் லிசினியஸ் நிக்கோமீடியாவில் வெளியிட்ட கடிதத்தின் வழியாகத்தான் நமக்குக் கிடைக்கிறது. கிறிஸ்தவர்களுக்கும் மற்ற அனைவருக்கும் தாம் விரும்பும் வழிபாட்டுக்கு உரிமை என்னும் அதன் முதற்பகுதியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வறண்ட நடையில் இருக்கும் பிற்பகுதி. பறிமுதல் செய்யப்பட்ட கூடுமிடங்களைப் பணம் கேட்காமல், காலதாமதம் செய்யாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவற்றை இடையில் விலைக்கு வாங்கியவர்களும் பரிசாகப் பெற்றவர்களும் இழப்பீடு வேண்டுமானால் அரசிடம் விண்ணப்பிக்கலாம். கூடுமிடங்கள் மட்டுமன்றி, தனிமனிதர்களுக்கு அல்லாமல் கிறிஸ்தவர்களின் குழுவுக்கு உரிமையான மற்றச் சொத்துகளும் திருப்பப்பட வேண்டும். சமயம் ஒன்று சட்டத்தின் முன் உடைமையாளராக நிற்பதற்கு இந்த ஒரு வாசகம் போதும். இழப்பீட்டுச் செலவு அரசின் தலையில் விழுந்ததால், திருப்பிக் கொடுக்க மறுப்பவர்களுக்குச் சாக்கும் இல்லாமல் போயிற்று. அந்தக் கடிதத்தை வரைந்தவர் யாராயினும் நிர்வாகம் தெரிந்தவர்.

இதே காலத்தில் அனுலினஸுக்கு அனுப்பப்பட்ட இன்னொரு கடிதம், செசிலியன் தலைமையிலான திருச்சபையின் குருமார்களைப் பொதுப் பொறுப்புகளிலிருந்து விடுவித்தது. சலுகை சிறியதாகத் தோன்றலாம். உரோமைப் பேரரசின் நகரங்களில் ஓரளவு நிலபுலன் உள்ள குடும்பங்கள் நகர மன்றத்தில் அமர்ந்தாக வேண்டும். வரி வசூலில் துண்டு விழுந்தால் தங்கள் கைப்பணத்தைப் போட்டு ஈடுகட்ட வேண்டும். தலைமுறை தலைமுறையாக அந்தச் சுமையிலிருந்து தப்பிக்க வழி தேடியவர்களுக்குக் குருத்துவம் திடீரென்று ஒரு கதவைத் திறந்துவிட்டது. செல்வர்கள் திருப்பட்டத்துக்கு முண்டியடித்தார்கள் என்பது, சில ஆண்டுகளிலேயே அதைத் தடுத்துக் கான்ஸ்டன்டைனே சட்டம் போட வேண்டிவந்ததிலிருந்து தெரிகிறது. வசதி உள்ளவர்கள் ஊர்ப்பொறுப்பைச் சுமக்கட்டும், ஏழைகளைத் திருச்சபையின் செல்வம் தாங்கட்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. ஒரு சமயம் எப்படி வளர்ந்தது என்று கேட்பவர்கள் அற்புதங்களின் பக்கம் போவதற்கு முன் இந்த வரிவிலக்கின் பக்கம் ஒரு முறை வந்து பார்க்கலாம்.

ஆனால் விலக்கும் பணமும் எந்தக் குருமார்களுக்கு? கடிதத்தில் ‘செசிலியன் தலைமையிலான’ என்று எழுதியபோது, ஆப்பிரிக்காவில் அது எத்தகைய கேள்வியாகப் புகைந்துகொண்டிருந்தது என்பதைப் பேரரசர் முழுதாக அறிந்திருக்க மாட்டார். வேதகலாபனைக் காலத்தில் மறைநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தவர்கள் தொட்டது தீட்டு என்று கருதிய பெரும்பிரிவு ஒன்று அங்கே இருந்தது. செசிலியனை ஆயராகத் திருநிலைப்படுத்திய அப்துங்கா ஆயர் ஃபெலிக்ஸ் அப்படி ஒப்படைத்தவர் என்றும், ஆகவே செசிலியனின் பட்டமே செல்லாது என்றும் அவர்கள் வாதிட்டார்கள். அவர்கள் தங்களுக்கென வேறோர் ஆயரை நியமித்தார்கள். அவருக்குப் பின் வந்த டொனாட்டஸின் பெயரால் அந்தப் பிரிவு அழைக்கப்படலாயிற்று. பணம் ஒரு பக்கத்துக்கு மட்டும் போகிறது என்று தெரிந்ததும் அவர்கள் ஆளுநரிடம் வந்தார்கள். 313 ஏப்ரல் 15 தேதியிட்ட அனுலினஸின் அறிக்கை இருக்கிறது: சிலர் தம்மிடம் முத்திரையிட்ட தோலுறைக் கட்டு ஒன்றையும், முத்திரையிடாத மனு ஒன்றையும் கொடுத்துப் பேரரசருக்கு அனுப்பச் சொன்னதாக அவர் எழுதுகிறார். செசிலியன்மீது குற்றச்சாட்டுகள் கொண்ட கட்டு அது. கால் நாட்டிலிருந்து நடுவர்களைத் தாருங்கள், உங்கள் தந்தையின் ஆட்சியில் அங்கே வேதகலாபனை நடக்கவில்லை என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

திருச்சபையின் வழக்கை அரசர் தீர்க்க வேண்டும் என்ற கோரிக்கை அரண்மனையிலிருந்து இறங்கி வந்ததன்று. கீழிருந்து மேலே போனது. அதிகார வெறி பிடித்த பேரரசர் திருச்சபையை விழுங்கினார் என்று சொல்பவர்கள் இந்தத் தோலுறையைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

கான்ஸ்டன்டைன் கால் நாட்டு ஆயர்கள் மூவரை உரோமைக்கு அனுப்பினார். உரோமை ஆயர் மில்தியாதஸ் பதினைந்து இத்தாலிய ஆயர்களையும் சேர்த்துக்கொண்டு, லாத்தரனில் இருந்த ஃபாஸ்டாவின் மாளிகையில் 313 அக்டோபரில் விசாரித்துச் செசிலியனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். தோற்றவர்கள் ஏற்கவில்லை. உடனே பேரரசர் இன்னும் பெரிய ஆயர்கள் சங்கத்தை 314 ஆகஸ்டில் ஆர்ல் நகரில் கூட்டினார். பிரிட்டனிலிருந்துகூட ஆயர்கள் வந்தார்கள். அந்தச் சங்கத்துக்காகச் சிரக்கூசா ஆயர் கிரெஸ்டஸுக்கு அவர் எழுதிய அழைப்பு நம்மிடம் இருக்கிறது. சிசிலியின் ஆளுநர் லாட்ரோனியானஸிடமிருந்து அரசாங்க வண்டி ஒன்றைப் பெற்றுக்கொள்ளும். உமக்கு அடுத்த நிலையில் உள்ளவர்களில் இருவரையும், வழியில் பணிவிடை செய்ய மூன்று வேலையாட்களையும் அழைத்துக்கொண்டு குறித்த நாளுக்குள் வந்து சேரும் என்கிறது அது. அஞ்சல் வண்டியும் மாற்றுக்குதிரைகளும் அரச அலுவலர்களுக்கு மட்டுமே உரியவை. பத்து ஆண்டுகளுக்கு முன் ஆயர்களைத் தேடிப் பிடிக்க அதிகாரிகள் சென்ற அதே சாலைகளில், இப்போது ஆயர்கள் அரசாங்கச் செலவில் பயணம் செய்தார்கள்.

ஆர்ல் தீர்ப்பையும் எதிர்த்து முறையீடு வந்தபோது பேரரசருக்கு ஏற்பட்ட எரிச்சல் அவருடைய கடிதத்தில் அப்படியே தெரிகிறது: கிறிஸ்துவின் தீர்ப்பை எதிர்நோக்கி நிற்கும் என்னிடம் வந்து இவர்கள் தீர்ப்புக் கேட்கிறார்கள் என்கிறார். இதற்கிடையில் ஃபெலிக்ஸின் வழக்கும் கார்த்தேஜில் விசாரிக்கப்பட்டு, அவருக்கு எதிரான கடிதத்தில் இன்ஜென்சியஸ் என்பவர் செய்த கைச்சரக்கு அம்பலமானது. இறுதியில் 316-இல் கான்ஸ்டன்டைனே தீர்ப்பளித்தார், செசிலியனுக்குச் சார்பாக. அடுத்து ஆப்பிரிக்காவில் டொனாட்டஸ் பிரிவினரின் ஆலயங்கள் பறிக்கப்பட்டன, படைவீரர்கள் நுழைந்தார்கள், இரத்தம் சிந்தப்பட்டது. கிறிஸ்தவப் பேரரசர் ஒருவரின் ஆட்சியில் கிறிஸ்தவர்களைக் கிறிஸ்தவத்தின் பெயராலேயே துன்புறுத்திய முதல் நிகழ்வு அதுதான். பயன் இல்லை என்று கண்டு 321-இல் அவரே கைவிட்டு, அவர்களைக் கடவுளின் தீர்ப்புக்கு விட்டுவிடுவதாக எழுதினார். அந்தச் செருப்புப் பட்டியலின் ஊரான சிர்த்தா, இதற்குள் அவர் பெயரையே சூடிக்கொண்டு கான்ஸ்டன்டினா ஆகியிருந்தது. இன்றும் அது கான்ஸ்டன்டைன்தான். அங்கே அவர் கட்டிக்கொடுத்த பேராலயத்தை டொனாட்டஸ் பிரிவினர் கைப்பற்றிக்கொண்டபோது, 330-இல், அவர்களை வெளியேற்ற ஆளனுப்பாமல், மற்றவர்களுக்குக் கருவூலச் செலவில் இன்னொன்று கட்டித் தருவதாக எழுதியனுப்பினார். 347-இல் அவருடைய மகன் கான்ஸ்டன்ஸ் அனுப்பிய தூதர்களிடம், ‘பேரரசருக்கும் திருச்சபைக்கும் என்ன தொடர்பு?’ என்று டொனாட்டஸ் கேட்டதாகச் சொல்வார்கள். அருமையான கேள்வி. 313 ஏப்ரலில் தோலுறையோடு ஆளுநர் வாசலில் நின்றது அவருடைய கட்சிதான்.

ஆப்பிரிக்கா இப்படிப் புகைந்துகொண்டிருந்தபோதே சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆயர் முன்னிலையில் ஆலயத்திலேயே அடிமைகளை விடுவிக்கலாம் என்றது ஒன்று. இறப்பவர் எவரும் திருச்சபைக்கு உயில் எழுதலாம் என்றது 321-இன் சட்டம்; அதன் விளைவை அடுத்த பல நூற்றாண்டுகளின் நிலப்பதிவேடுகளில் காணலாம். அதே ஆண்டு மார்ச்சில் ‘கதிரவனின் வணக்கத்துக்குரிய நாளில்’ நீதிபதிகளும் நகரத்தாரும் தொழிலாளரும் ஓய்ந்திருக்க வேண்டும் என்று ஆணை வந்தது. பருவம் தப்பக்கூடாது என்பதால் உழவர்களுக்கு விலக்கு. அந்த ஆணையில் கிறிஸ்துவின் பெயரே இல்லை. ஆயர்களிடம் வழக்கைக் கொண்டுபோக வழிசெய்த சட்டம் 333-இல் இன்னும் நீண்டு, ஒரு தரப்பு மறுத்தாலும் மற்றத் தரப்பு வழக்கை ஆயரிடம் மாற்றலாம், அவருடைய தீர்ப்பே இறுதி என்று சொல்லுமளவுக்கு வந்தது. கையூட்டும் வாய்தாவும் மலிந்த நீதிமன்றங்களுக்கு நடுவே ஏழைகள் ஆயரின் திண்ணையைத் தேடி வந்ததில் வியப்பில்லை.

உரோமையில் லாத்தரன் பேராலயமும், வத்திக்கான் குன்றில் புனித பேதுருவின் கல்லறைமேல் இன்னொன்றும் எழுந்தன. அவை வடிவத்தில் கோயில்களைப் பின்பற்றாமல், நீதிமன்றமும் சந்தையும் நடந்த அரசாங்கப் பொது மண்டபங்களைப் பின்பற்றின. அவற்றின் பராமரிப்புக்காக எழுதிவைக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில், எகிப்திலிருந்தும் சிரியாவிலிருந்தும் ஆண்டுதோறும் வரவேண்டிய பண்டங்களுக்கு நடுவே மிளகும் இடம்பெறுகிறது. அந்த மிளகு நம் மேற்குக் கரை மலைச்சரிவுகளில் விளைந்து செங்கடல் வழியாகச் சென்றதாகவே இருக்க வேண்டும். பேதுருவின் ஆலய வருவாயில் சேரநாட்டுக் கறிக்கொடிக்கும் ஒரு பங்கு இருந்தது என்று நினைக்கும்போது எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

324-இல் லிசினியஸைத் தோற்கடித்துப் பேரரசு முழுவதையும் கைப்பற்றிய கான்ஸ்டன்டைனுக்குக் கிழக்கில் காத்திருந்தது அலெக்சாந்திரியாவின் சண்டை. மகனாகிய கிறிஸ்து தந்தையாகிய கடவுளுக்கு இணையானவரா, படைக்கப்பட்டவரா என்பதில் ஆயர் அலெக்சாந்தருக்கும் குரு அரியுஸுக்கும் மூண்ட பிணக்கு அது. இருவருக்கும் சேர்த்து அவர் எழுதிய கடிதம், இத்தனை அற்பமான விஷயத்துக்கா இவ்வளவு சண்டை என்று கடிந்துகொள்கிறது. ஞாயிறுதோறும் திருப்பலியில் விசுவாசப் பிரமாணத்தை ஒப்புவித்து வளர்ந்த எனக்கு, அதன் மையக் கேள்வியை அதற்கு வழிவகுத்த மனிதரே அற்பம் என்று எழுதியதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. கடிதத்தை எடுத்துச் சென்றவர் ஹோசியஸ் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அவர் ஸ்பெயினின் கொர்தோபா நகர ஆயர், செசிலியனுக்குப் பட்டியல் போட்ட அதே மனிதர்.

கடிதம் பலிக்காததால் 325-இல் நைசியாவில் பொதுச்சங்கம் கூடியது. முதலில் அங்கைரா நகரம் குறிக்கப்பட்டிருந்தது. மேற்கிலிருந்து வருபவர்களுக்கு வசதி, காற்று நல்லது, நானும் வந்து கலந்துகொள்ளலாம் என்று காரணம் சொல்லிப் பேரரசரே இடத்தை மாற்றினார். ஆயர்கள் ஒருவர்மீது ஒருவர் எழுதிக் கொடுத்த குற்றமனுக்களை அவர் படிக்காமலே எரித்தார் என்கிறார்கள் பிற்கால ஆசிரியர்கள். அங்கே விவிலிய நூல்களின் பட்டியல் பேசப்படவில்லை. அரியுஸின் கொள்கை, உயிர்ப்புப் பெருவிழாவின் (ஈஸ்டர்) நாள், குருமார்களின் ஒழுங்கைப் பற்றிய இருபது விதிகள் ஆகியவைதாம் அதன் முடிவுகள். தந்தையோடு மகன் ஒரே சாரம் உடையவர் என்ற சொல்லைப் பேரரசரே ஆதரித்துப் பேசியதாக யூசிபியஸ் தம் ஊராருக்கு எழுதினார். தாமும் ஒப்பமிட்டதற்குச் சமாதானம் சொல்லும் கடிதம் என்பதால் அதைச் சற்றுக் கவனமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கையொப்பமிட மறுத்த இரு லிபிய ஆயர்களும் அரியுஸும் நாடு கடத்தப்பட்டார்கள். இதுதான் புதியது. சங்கங்கள் முன்பும் பலரை விலக்கிவைத்ததுண்டு, விலக்கப்பட்டவர்கள் அடுத்த தெருவில் கூடிக்கொள்வார்கள். இப்போது இறையியலில் தோற்றவரைக் காவலர்கள் அழைத்துச் சென்றார்கள்.

சங்கத்தின்போது பேரரசர் தம் ஆட்சியின் இருபதாம் ஆண்டு விருந்துக்கு ஆயர்களை அழைத்தார். உருவிய வாளோடு காவலர்கள் வாசலைச் சூழ்ந்து நிற்க, கடவுளின் மனிதர்கள் அச்சமின்றி அவர்களுக்கு நடுவே நடந்து அரண்மனையின் உள்ளறைகளுக்குச் சென்றார்கள் என்றும், அது கிறிஸ்துவின் ஆட்சியின் சாயலோ என்று தோன்றியது என்றும் யூசிபியஸ் வியக்கிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேதகலாபனையில் நண்பர்களைப் பறிகொடுத்தவர் அவர். அந்த வாள்கள் யாருக்காக உருவப்பட்டிருந்தன என்பது அன்று அவருக்கு நம்ப முடியாத வரமாக இருந்திருக்கும்.

நாடு கடத்தும் முறையின் நிலையற்ற தன்மை விரைவிலேயே வெளிப்பட்டது. சில ஆண்டுகளில் அரியுஸ் திரும்ப அழைக்கப்பட்டார். அவரை ஏற்க மறுத்த அலெக்சாந்திரியாவின் புதிய ஆயர் அத்தனேசியஸ், 335-இல் தீர் நகரச் சங்கத்தில் தமக்கு எதிராகத் தீர்ப்பு உருவாவதைக் கண்டு, நேராகக் கான்ஸ்டன்டினோபிளுக்கு ஓடிவந்து, குதிரையில் ஊருக்குள் வந்துகொண்டிருந்த பேரரசரைத் தெருவில் மறித்தார். முதலில் தமக்கு அவரை அடையாளமே தெரியவில்லை என்று கான்ஸ்டன்டைன் எழுதுகிறார். அவருக்கு நீதி கிடைக்கவிருந்த நேரத்தில், அலெக்சாந்திரியாவிலிருந்து தலைநகருக்கு வரும் தானியக் கப்பல்களைத் தடுத்துவிடுவேன் என்று அத்தனேசியஸ் மிரட்டியதாக எதிரிகள் புதிய குற்றத்தைச் சுமத்தினார்கள். அரியுஸைப் பற்றிய வாதங்கள் சாதிக்காததைத் தானியம் சாதித்தது. நைசியாவின் பெருங்காவலர் ஜெர்மானிய எல்லையிலிருந்த டிரியர் நகருக்கு அனுப்பப்பட்டார்.

பேரரசின் எல்லைக்கு வெளியே இருந்த கிறிஸ்தவர்களுக்கு இந்த ஆதரவு வேறு விதமாக வந்து சேர்ந்தது. பாரசீகப் பேரரசர் இரண்டாம் ஷாப்பூருக்குக் கான்ஸ்டன்டைன் ஒரு கடிதம் எழுதி, உங்கள் நாட்டின் சிறந்த பகுதிகளில் கிறிஸ்தவர்கள் நிறைந்திருப்பது கேட்டு மகிழ்கிறேன், அவர்களை உங்கள் பரிவுக்கு ஒப்படைக்கிறேன் என்றார். எதிரி நாட்டு மன்னரின் அக்கறைக்கு ஆளான மக்களை எந்த அரசும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். 340-களில் பாரசீகத்தில் கொடிய வேதகலாபனை தொடங்கியது. 345-இல் கானாயி தொம்மன் தலைமையில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கடல் கடந்து கொடுங்கல்லூரில் இறங்கின என்று கேரளத்தின் கானாயக் கிறிஸ்தவர்களிடையே வழங்கும் மரபை இந்தப் பின்னணியோடு இணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த ஆண்டை வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் ஏற்பதில்லை.

கிறிஸ்தவத்தை அரச சமயமாக்கியவர் கான்ஸ்டன்டைன் என்று பாடப்புத்தகங்களில்கூட எழுதிவிடுகிறார்கள். அந்த ஆணை பேரரசர் தியோடோசியஸ் காலத்தில், 380-இல் தெசலோனிக்காவில் பிறந்தது. கான்ஸ்டன்டைன் சில கோயில்களை இடித்தார், பலவற்றின் பொன்னை உருக்கிக்கொண்டார்; ஆனால் உரோமையின் தலைமைப் பூசாரி என்ற பட்டத்தைக் கடைசிவரை துறக்கவில்லை. தம் குடும்பத்தின் பெயரால் ஹிஸ்பெல்லும் என்ற இத்தாலிய ஊரில் கோயில் கட்டிக்கொள்ள, பலியிடக்கூடாது என்ற நிபந்தனையோடு, ஒப்புதல் கொடுத்தார். 326-இல் மூத்த மகன் கிரிஸ்பஸையும், பின்னர் மனைவி ஃபாஸ்டாவையும் கொல்லச் செய்தார். சரியான காரணம் எந்தச் சமகால ஏட்டிலும் இல்லை. 337 மே மாதம், நிக்கோமீடியாவின் புறநகரில், சாவு நெருங்கியபோதுதான் திருமுழுக்குப் பெற்றார். அதைக் கொடுத்தவர் நிக்கோமீடியாவின் ஆயரான இன்னொரு யூசிபியஸ். அரியுஸின் நண்பர், நைசியாவுக்குப் பின் நாடு கடத்தப்பட்டவர்.

அதன் பிறகும் ஹோசியஸ் இருபது ஆண்டுகள் உயிரோடு இருந்தார். கான்ஸ்டன்டைனின் மகனும் அரியுஸின் பக்கம் சாய்ந்தவருமான பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்சியஸ், அத்தனேசியஸைக் கண்டிக்கும்படி மேற்கின் ஆயர்களை வற்புறுத்தியபோது, அந்த முதியவர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். உம் பாட்டனார் மாக்சிமியன் காலத்து வேதகலாபனையிலேயே சாட்சியாக நின்றவன் நான். கடவுள் உம்மிடம் ஆட்சியைக் கொடுத்தார், திருச்சபையின் காரியங்களை எங்களிடம் ஒப்படைத்தார். இவற்றில் தலையிடாதீர் என்றது அது. 313-இல் கருவூலப் பணத்துக்குப் பட்டியல் போட்ட கை எழுதியது என்பதை மறந்துவிட்டு அதை என்னால் படிக்க முடிவதில்லை. கான்ஸ்டன்சியஸ் அவரைச் சிர்மியம் நகருக்கு வரவழைத்து ஓராண்டு நிறுத்திவைத்தார். நூறு வயதை நெருங்கியிருந்த ஹோசியஸ், 357-இல், ‘ஒரே சாரம்’ என்ற நைசியாவின் சொல்லை இனி யாரும் பயன்படுத்தக்கூடாது என்று தடைசெய்த அறிக்கையில் கையொப்பமிட்டார். அத்தனேசியஸைக் கண்டிக்கும் தாளில் மட்டும் அவர் கடைசிவரை ஒப்பமிடவில்லை.